நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவே

"அம்மா, எனக்கு ஒரு வசனம் வேணும்," என்றார் எப்பிராயீம் உபதேசியார்.

லீதியாள் அம்மா கைகளில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழத்தைப் பிளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கா? நீங்கதானே ஊருக்கெல்லாம் வசனம் குடுக்கிறவர்."

அது உண்மைதான்.

எப்பிராயீமுக்கு வேதாகமம் மனப்பாடம். காய்ச்சல் கண்ட வீட்டுக்கு ஒரு வசனம் வைத்திருப்பார். கல்யாணம் தட்டிப்போன வீட்டுக்கு ஒன்று. மழை பொய்த்த வருஷத்துக்கு ஒன்று. புத்தகத்தைப் புரட்டவே மாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வசனம் அவர் வாயில் தயாராக நிற்கும். சபையார் அதைக் கேட்டுவிட்டுத் தெளிந்த முகத்தோடு காப்பி கொண்டுவந்து வைப்பார்கள்.

"எனக்கில்ல. என் வீட்டுக்காரிக்கு," என்றார்.

"உட்காருங்க. இந்தச் சுளைகளை எடுத்துக்கிட்டே சொல்லுங்க."

மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஆசிரமம். நாலைந்து ஓட்டு வீடுகள், ஒரு ஜெபக்கூடம், நிறைய மரங்கள். மனம் நொந்தவர்கள் வந்து சில நாள் தங்கிப் போவார்கள். அதை நடத்திவந்த லீதியாள் அம்மா, உபதேசியாரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். பிரசங்கம் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. யார் என்ன கேட்டாலும் பதிலுக்கு ஒன்று கேட்பார். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விடுவார் என்று சொல்வார்கள்.

உபதேசியார் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"எங்களுக்கு ஒரே மக. தெபொராள்னு பேரு. டீச்சர் வேலைக்குப் போயிட்டிருந்தா. கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில அவங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சாங்க. ஒரு வாரம் தாங்கல."

அம்மா சுளை எடுப்பதை நிறுத்தினார்.

"அன்னையிலருந்து பெர்சியாள் யார்கூடயும் பேசமாட்டேங்கா. கோயிலுக்கு வாரதில்ல. ஜெபம் இல்ல. ரெண்டு வாய் சாப்பிடுதா, சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடுதா. ஈஸ்டரும் போயிட்டு. நானும் எல்லா வசனமும் சொல்லிப் பார்த்துட்டேன்."

"என்னென்ன சொன்னீங்க?"

பையில் இருந்த வேதாகமத்தை எடுக்கப் போனார். விரலெல்லாம் பலாப்பிசின்.

"புத்தகத்தைத் தொடாதீங்க, தாள் ஒட்டிக்கிடும். வாயால சொல்லுங்க."

சொன்னார். மேய்ப்பன் சங்கீதம் சொன்னார். பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு என்பதைச் சொன்னார். கண்ணீர் யாவும் துடைக்கப்படும் என்ற கடைசிப் புத்தகத்து வசனத்தைச் சொன்னார். மணி அடிப்பதுபோல் ஒவ்வொன்றும் சுத்தமாக விழுந்தது.

"எல்லாம் நல்ல வசனங்கதான்," என்றார் அம்மா.

"அதான் எனக்கும் புரியல. மருந்து நல்ல மருந்து. கேட்கமாட்டேங்குதே."

"முதல்ல எதைச் சொன்னீங்க?"

உபதேசியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நாளை நினைத்தால் அவருக்கு இன்றும் ஒரு பெருமிதம் உண்டு. அடக்க ஆராதனையில் பாடல்களை அவர்தான் எடுத்துக்கொடுத்தார். குரல் நடுங்கவில்லை. 'விசுவாசம்னா உபதேசியார் விசுவாசம்தான்' என்று கல்லறைத் தோட்டத்திலேயே பேசிக்கொண்டார்கள்.

"பெட்டியை மூடுதப்ப அவ கதறினா. நான் அவ தோளைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன், 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்.' உடனே அழுகையை நிப்பாட்டிட்டா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம்தான் பேசல."

ஒரு காகம் வந்து ஒதுக்கிப்போட்ட பலாச்சடையில் கொத்திவிட்டுப் போயிற்று. அம்மா அதை விரட்டவில்லை.

"உபதேசியாரே, அந்த வசனத்தைச் சொன்னது யாரு?"

"யோபு. இது தெரியாதா?"

"யோபு யார்கிட்ட சொன்னார்?"

"யார்கிட்டயும் இல்ல. அவராச் சொன்னார். பிள்ளைகளைப் பறிகொடுத்துட்டு, தரையில விழுந்து."

"அவர்கிட்ட யாராவது சொன்னாங்களா?"

உபதேசியார் கையிலிருந்த சுளையைக் கீழே வைத்தார்.

அம்மா சுளைகளைப் பாத்திரத்தில் அள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.



சாயங்கால ஜெபத்துக்கு ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள்.

"இன்னைக்கு உபதேசியார் வாசிப்பார்," என்றார் அம்மா. "சங்கீதம் பதின்மூணு."

அது சின்னச் சங்கீதம், மொத்தம் ஆறே வசனம். உபதேசியார் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?"

ஆற்று நீர்போல வாசித்துக்கொண்டு போனார். நாலாம் வசனம் முடிந்தது.

"போதும்," என்றார் அம்மா.

"இன்னும் ரெண்டு இருக்கே."

"இன்னைக்கு இவ்வளவு போதும்."

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். உபதேசியார் மட்டும் திறந்த புத்தகத்தோடு நின்றார். மாடிப்படியில் இறங்கும்போது கடைசிப் படி இல்லாமல் போனதுபோல் இருந்தது.

மறுநாளும் அதே சங்கீதம். அதே இடத்தில், "போதும்."

அதற்கும் மறுநாள் உபதேசியாருக்குப் பொறுக்கவில்லை. வேதாகமத்தை மூடிவிட்டார்.

"அம்மா, நீங்க வித்தியாசமா நினைக்கக் கூடாது. இங்க உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தரும் நொந்துபோய் வந்தவங்க. அவங்களுக்கு நம்பிக்கை குடுக்கணும். நம்பிக்கை அஞ்சாம் வசனத்துலதான இருக்கு? 'நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்'னு. அதை வாசிக்க விடாம நடுவழியில இறக்கிவிட்டா எப்படி?"

கூட்டத்தில் இருந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் அவரைப் பார்த்தார். புருஷனை இழந்த ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா கோபப்படவில்லை. "புத்தகத்தைத் திறங்க," என்றார்.

திறந்தார்.

"நாலாம் வசனத்துக்கும் அஞ்சாம் வசனத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கு?"

உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "தூரமா? ஒரு வரி முடியுது, அடுத்த வரி ஆரம்பிக்குது. ஒரு நூல் இடைவெளி."

"இதை எழுதினவருக்கு?"

"என்னது?"

"இதை எழுதினவருக்கு எவ்வளவு தூரம் இருந்திருக்கும், ஐயா?"



அம்மா ஜெபத்தை முடித்துவைத்தார். எல்லோரும் எழுந்து சாப்பிடப் போனார்கள். அவர் போகவில்லை.

ஜெபக்கூடத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. தனியாக உட்கார்ந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வீடுகளில் இந்தச் சங்கீதத்தை வாசித்திருக்கிறார். முதல் நாலையும் வேகமாகக் கடந்துவிடுவார். சேறான இடத்தைத் தாண்டுகிறவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வதுபோல. ஐந்துக்கு வந்ததும் குரலை உயர்த்துவார்.

முதல் வரியை மெல்ல வாசித்தார்.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை..."

நின்றுவிட்டார்.

இத்தனை வருஷமும் அது, அதை எழுதிய தாவீதின் குரலாகவே கேட்டிருந்தது. இப்போது யாரோ அவருடைய தொண்டைக்குள்ளிருந்தே வாசித்ததுபோல் இருந்தது. அவர் கேட்கத் துணியாத கேள்வி. கேட்டால் பாவம் என்று நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டிவைத்த கேள்வி. அது வேதத்தில், கறுப்பு மையில், பளிச்சென்று இருந்தது. யாரும் அதை அழிக்கவில்லை. யாரும் அதற்காக வெட்கப்படவில்லை. எத்தனையோ தலைமுறை அதைக் கையால் நகல் எடுத்து நகல் எடுத்து அவரிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

விரலை அந்த வரிமேல் வைத்தபடி வெகுநேரம் இருந்தார்.

காலையில் பையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வந்தார்.

"நான் கேட்ட வசனத்தை நீங்க தரவே இல்லையே, அம்மா."

அம்மா தொழுவத்தில் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"யோபுவோட சினேகிதங்க அவரைப் பார்க்க வந்தாங்களே. வந்து முதல்ல என்ன சொன்னாங்க?"

"முதல்லயா?" உபதேசியார் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "முதல்ல ஒண்ணும் சொல்லல. ஒரு வார்த்தையும் பேசாம, ராப்பகலா அவரோடகூடத் தரையில உட்கார்ந்திருந்தாங்க. பேச ஆரம்பிச்ச பிறகுதான் எல்லாம் கெட்டது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார் அம்மா.



வீட்டில் பெர்சியாள் அறைக்குள் பாயில் படுத்திருந்தாள். முகம் சுவரைப் பார்த்து.

வழக்கமாக உபதேசியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். "பெர்சி, இதைக் கேளு," என்று ஆரம்பிப்பார்.

அன்று நாற்காலியை எடுக்கவில்லை. பாய்க்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்துகொண்டார்.

சாயங்காலம் வரை ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அவர் வைத்த கஞ்சியில் உப்பு கூடிப்போயிருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். அவரும் குடித்தார். பிறகு அதே இடத்தில் போய் உட்கார்ந்தார்.

சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது. வசனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நாக்கில் நின்றன. திண்டாடினார். எழுந்து போய்விடலாம் என்று கால் துடித்தது. இந்த அறையைவிட்டு ஓடத்தான் இத்தனை நாளும் வீடு வீடாக ஜெபத்துக்குப் போனோமோ என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

சபை மூப்பர் எலியாசர் வாசலில் வந்து கூப்பிட்டார்.

"உபதேசியாரே, மேலத்தெருவுல ஒரு வீட்டுல ஜெபம். உங்களைத்தான் எதிர்பார்க்காங்க."

உபதேசியார் நடைக்கு வந்தார். "நான் வரல, மூப்பரே."

"மேலுக்குச் சரியில்லையா?"

"மேலுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுல துக்கம்."

மூப்பர் விழித்தார். "அது நடந்து நாளாச்சே. அதுவும் நீங்களே இப்படிச் சொன்னா, சபையார் என்ன நினைப்பாங்க?"

உபதேசியாருக்குச் சுரீர் என்றது. அவர் முப்பது வருஷம் காப்பாற்றிய பேர் அது.

"என்ன வேணா நினைச்சுக்கட்டும்," என்றார். "என் மக செத்துப்போயிட்டா, எலியாசர்."

அந்த வார்த்தையை அவர் அதுவரை சொன்னதில்லை. 'கர்த்தருக்குள் நித்திரை' என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

எலியாசர் ஏதோ சொல்ல வந்தார். உபதேசியாரின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு இறங்கிப் போனார்.

உபதேசியார் திரும்பி உள்ளே வந்தார். பெர்சியாள் அதே இடத்தில்தான் கிடந்தாள். ஆனால் சுவரைப் பார்த்திருக்கவில்லை. மல்லாந்து, உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தரையில் உட்கார்ந்தார். வேறு எதையும் பிடித்துக்கொள்ளத் தெரியாமல் வேதாகமத்தை எடுத்தார். அவளுக்காக எடுக்கவில்லை. அவள் கேட்கிறாளா என்றுகூடப் பார்க்கவில்லை. தனக்குத் தானே வாசித்தார்.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்..."

அதற்குமேல் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

பக்கத்து வீட்டில் யாரோ குழாயடிக் குடத்தை இறக்கிவைக்கிற சத்தம்.

"தலை காயல," என்றாள் பெர்சியாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. அவள் குரலே வேறு யாருடைய குரலோபோல் கரகரத்திருந்தது.

"என்ன, பெர்சி?"

"அவளைக் குளிப்பாட்டினேன்லா. தலைக்கு ஊத்தினேன். அவளுக்கு எம்புட்டு முடி. துவட்டிக்கிட்டே இருந்தேன். காயவே மாட்டேங்கு. அதுக்குள்ள பாதிரி ஐயர் வந்துட்டாரு, பெட்டி வந்துட்டு. கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன். யாரு காதுலயும் விழல." அவள் மூச்சு வாங்கினாள். "ஈரத்தலையோட வச்சு மூடிட்டாங்க. அவளுக்குத் தலை ஈரமா இருந்தா உடனே சளி பிடிக்குமே."

உபதேசியாரின் நாக்கில் ஒரு வசனம் வந்து நின்றது. நல்ல வசனம். உயிர்த்தெழுதலைப் பற்றியது. எத்தனையோ கல்லறைகளின் ஓரத்தில் நின்று கம்பீரமாகச் சொன்னது.

அதை விழுங்கினார்.

"ஆமா," என்றார். "உடனே பிடிச்சிரும். மூக்கை உறிஞ்சிக்கிட்டே திரிவா."

"ராத்திரியெல்லாம் இருமுவா."

"நீ நெஞ்சுல தைலம் தேய்ச்சுவிடுவ."

"நாத்தம்னு திட்டுவா."

அவள் வாய் கோணிற்று. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அவரால் அதற்குமேல் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். கல்லறையில் நடுங்காத குரல், பாடல் எடுத்துக்கொடுத்த குரல், இப்போது உடைந்தது. மாடு கதறுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. பெரிய மனுஷன் அழுகிற அழுகையாக அது இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக, குலுங்கிக் குலுங்கி அழுதார். "எம் புள்ள, எம் புள்ள," என்றார்.

பெர்சியாள் எழுந்து உட்கார்ந்தாள்.

கல்யாணம் ஆன நாள் முதல் இந்த மனிதர் அழுது அவள் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நகர்ந்து வந்து, சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள். மூக்கையும் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவளுக்கும் கண்ணீர் இறங்கியது. ஈஸ்டருக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்குப் பின்னால், பெட்டியருகே நின்றுபோன அழுகை அது.

இருவரும் தோளோடு தோள் சாய்ந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து அவர்கள் கால்களுக்கு வந்தது.

"நீங்க ஒண்ணு வாசிச்சீங்களே," என்றாள்.

"ஆமா."

"அது வேதத்துலயா இருக்கு?"

"வேதத்துலதான் இருக்கு."

"அப்படியேவா? நீங்க சொன்ன மாதிரியேவா?"

"அப்படியேதான்."

அவள் யோசித்தாள்.

"என்கிட்ட ஏன் அதைச் சொல்லல?"

அவர் தரையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"மறுபடி வாசிங்க," என்றாள்.

புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கண்ணாடி நனைந்திருந்தது. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். கண்ணும் நனைந்தே இருந்தது.

"எழுத்து தெரியமாட்டேங்கு, பெர்சி."

பெர்சியாள் புத்தகத்தை வாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

"கர்த்தாவே," என்றாள்.